அக்கா வீட்டுல விழுந்த கல்லு

"உங்க அக்காவுக்கு மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு வாசுகி"ன்னு அக்கா வீட்டுக்காரரு கமலநாதன் மாமா போன் பண்ணப்ப, நான் தெப்ராவ்ல எங்க லேப்ல ஒரு உடைஞ்ச போல்ட்ட வெட்டிக்கிட்டு இருந்தேன். அதுதான் என் பொழப்பு. இந்தப் பக்கத்து ஃபேக்டரியில எது உடைஞ்சாலும் எங்ககிட்ட வரும். நான் அதை வெட்டி, ரெசின்ல பதிச்சு, பளபளன்னு தேய்ச்சுக் குடுப்பேன். கில்பர்ட் அதைப் பெரிய மைக்ரோஸ்கோப்ல வச்சு ஏன் உடைஞ்சதுன்னு சொல்வாரு. லேப்ல அவருதான் எனக்குப் பெரியவரு.

"என்ன மாமா ஆரம்பிச்சிருச்சு?"

"வானத்துலேருந்து கல்லு விழுந்துச்சுங்கிறா. வீட்டுக்குப் பின்னால, வாழைக்குப் பக்கத்துல. எடுத்துக் கழுவி வச்சுக் கும்பிடுறா."

எனக்குக் கையில இருந்த போல்ட்டே கனத்துப் போச்சு.

சில வருஷத்துக்கு முன்னால கஸ்தூரி அக்காவுக்கு மனசு சரியில்லாமப் போச்சு. இல்லாத ஆளுங்க பேசுறாங்கன்னு சொன்னா. ராத்திரி எழுந்து கதவைத் தொறந்து யாரையோ உள்ள வாங்கன்னு கூப்பிட்டா. ஆஸ்பத்திரியில சேர்த்தோம். பலமான மாத்திரை குடுத்தாங்க. குரல் எல்லாம் நின்னுச்சு, ஆனா அக்காவும் சேர்ந்து நின்னுட்டா. கை நடுங்கும். ஊசியில நூல் கோக்க முடியாது. அவ ஊரு சிம்பாங் ரெங்கத்துல பாதிப் பொம்பளைங்களுக்கு ரவிக்கை தைச்சுக் குடுத்தவ, மெஷினுக்கு மேல துணியைப் போத்தி மூடிட்டா. போடாத டிவியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பா. அப்புறம் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாரு. அக்கா திரும்பி வந்தா. மெஷின் சத்தமும் திரும்பி வந்துச்சு. ஆனா அன்னையிலேருந்து அவ எது சொன்னாலும் எங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: மாத்திரை போட்டியா?

"வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கணும்"ன்னாரு மாமா. "இதைச் சொல்லாம இருக்க முடியாதுலா. சொன்னா டோஸைக் கூட்டிருவாரு."

"கூட்டினா அவ கை?"

"நீ ஒரு தடவை வந்து பாரு"ன்னுட்டு மாமா போனை வச்சாரு.

ஞாயித்துக்கிழமை கார எடுத்துக்கிட்டுப் போனேன். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு யார் மேல கோவம்னுதான் எனக்கே தெரியல.

அவங்க வீடு தாமான் குடியிருப்போட கடைசி வரிசை. பின் வேலியத் தாண்டினா செம்பனைத் தோட்டம். அக்கா என்னைப் பார்த்ததும், "உன்னைய மாமா வரச் சொன்னாரா? இந்த வீட்டுல ஒரு கல்லுகூட நிம்மதியா விழ முடியல"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. பேச்சு நல்லா இருந்துச்சு, கண்ணு தெளிவா இருந்துச்சு. அப்படி நான் அளந்து பாக்கிறத அவளும் பார்த்தா.

"கேட்டுக்கோ"ன்னு சொல்ல ஆரம்பிச்சா. "மழை விட்டுச்சு. துணிய மறுபடியும் கொடியில போட்டுக்கிட்டு இருந்தேன். லோரி டயர் வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பாக்கிறதுக்குள்ள வாழைக்கிட்ட தொப்புன்னு விழுந்துச்சு. சேறு என் நைட்டி மேல எல்லாம் தெறிச்சிருச்சு. போய்த் தோண்டி எடுத்தேன்."

"சூடா இருந்துச்சா?"

"இல்ல."

மாமா என்னைப் பார்த்து லேசாத் தலைய ஆட்டினாரு. வானத்துலேருந்து எரிஞ்சு வர்ற கல்லு சூடா இல்லாம இருக்குமான்னு கேக்குற மாதிரி. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

கல்லு முருங்கை மரத்தடியில ஒரு மஞ்சத் துணி மேல இருந்துச்சு. எலுமிச்சம்பழத்தவிடக் கொஞ்சம் பெரிசு. கறுப்பா, கருகின தோல் போத்தின மாதிரி. மூணு வெள்ளைப் பட்டை, நடுவுல குங்குமம்.

"இதை ஏன்கா கும்பிடுற?"

"மேலேருந்து என் வீட்டத் தேடி வந்திருக்கு. கால்ல மிதிபடுற எடத்துல போடச் சொல்றியா?"

நம்ம வீட்டுல வேற யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. அவ செஞ்சா மட்டும் வியாதி.

"எங்க லேப்புக்கு எடுத்துட்டுப் போறேன்கா. கில்பர்ட் ஜியோலஜி படிச்சவரு. என்ன கல்லுன்னு பார்த்துச் சொல்லிருவாரு."

அக்கா மஞ்சத் துணியோட கல்லைத் தூக்கி என் கையில குடுத்தா. "கொண்டு போ. ஆனா உடைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணிட்டேன்.

திங்கக்கிழமை சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கல்லை எடுத்தேன். குங்குமத்த ஆல்கஹால்ல துடைச்சேன். விபூதி மட்டும் எவ்வளவு துடைச்சும் சின்னச் சின்னக் குழியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. பரவாயில்லன்னு விட்டேன். சின்னக் கல்லுதானே, வெட்டாம அப்படியே மைக்ரோஸ்கோப்புக்குள்ள வச்சு, மேல் தோல்ல என்னென்ன உலோகம் இருக்குன்னு பாக்கலாம்.

கில்பர்ட் வேற ஒரு ரிப்போர்ட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாரு. "நீயே பாரு, வர்றேன்"ன்னாரு. எனக்கா பொறுமை? போன்ல ஏற்கெனவே படிச்சு வச்சிருந்தேன். விண்கல்லுங்கள்ல டைட்டானியம் கலந்த கனிமங்கள் இருக்குமாம். அதுல சிலது, நம்ம சூரியனைச் சுத்தி மொதமொதல்ல கெட்டியான பொருள்கள்ல சேருமாம். பூமியே அதுக்கு அப்புறம்தானாம். படிக்கிறப்பவே எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

திரையில ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு கோடு ஏற ஆரம்பிச்சுச்சு. ஒரு எடத்துல டைட்டானியம். பக்கத்துல நகர்த்துனேன், அங்கயும் டைட்டானியம். இன்னொரு குழி, அங்கயும். அலமாக்! எழுந்து நின்னுட்டேன். கில்பர்ட் வர்றதுக்குள்ள அக்காவுக்கு அடிச்சேன்.

"அக்கா, டைட்டானியம்! உன் கல்லு முழுக்க டைட்டானியம்கா! நீ சொன்னது நெசம்!"

அந்தப் பக்கம் மெதுவா அழுகுற சத்தம். "மாமாகிட்ட நீயே சொல்லுடி"ன்னு போனை அவர்கிட்ட குடுத்தா. மாமா "நெசமாவா, நெசமாவா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

கில்பர்ட் காப்பி கப்போட வந்து திரைய ஒரு தடவை பார்த்தாரு. கல்லை ஒரு தடவை பார்த்தாரு.

"வாசுகி, இந்தக் கல்லு மேல என்ன பூசியிருக்கு?"

"விபூதிதான். துடைச்சிட்டேன்."

"விபூதியில டைட்டானியம் ஏது? இதெல்லாம் ரொம்பச் சின்ன, ஒரே அளவுத் துகள். டைட்டானியம் டையோக்சைட். வெள்ளைப் பெயிண்ட்டு வெள்ளையா இருக்கிறதே இதாலதான்."

"கில்பர்ட், சாமிக்கு யாராவது பெயிண்ட்டு அடிப்பாங்களா?"

கேக்குறப்பவே எனக்கே சந்தேகம் வந்துருச்சு. போன் இன்னும் கையிலதான், மாமா லைன்லதான் இருந்தாரு. "மாமா, அந்தப் பட்டை... அது விபூதிதானே?"

"விபூதிதான் மொதல்ல வச்சா"ன்னாரு மாமா. "தெனம் சாயங்காலம் மழை. கரைஞ்சு போயிரும். இவ கொடையக்கூட எடுக்காம ஓடிப் போய் மறுபடி பூசுவா. காய்ச்சல் வந்துருமேன்னு, கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட்டு மிச்சம் இருந்துச்சு, நான்தான் மூணு பட்டை இழுத்து விட்டேன். ஏன்மா?"

அடக் கடவுளே. அவர் பண்ணின காரியத்துல இது ஒண்ணுதான் முழுக்க முழுக்கப் பாசத்துல பண்ணினது. அதுதான் வந்து எங்க தலையில விழுந்துச்சு. ரோட்டோரத்து சாமிக்கு மழையில அழியாம இருக்கணும்னு பெயிண்ட்டு அடிக்கிறத நானே எத்தனை எடத்துல பார்த்திருக்கேன். எனக்குத் தோணிருக்க வேணாமா?

சொன்னேன். வேற வழி?

"அப்ப பெயிண்ட்டுதானா"ன்னாரு மாமா. "சரிம்மா. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிர்றேன்."

பின்னால அக்கா குரல் கேட்டுச்சு. "என்னவாம்?"ன்னு கேட்டா. மாமா போனை வச்சாரு.

நான் நாற்காலியில உக்காந்து அழுதேன். கில்பர்ட் டிஷ்யூ பெட்டிய என் பக்கம் தள்ளிட்டு, கையுறை போட்டுக்கிட்டுக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"பெயிண்ட்டு மேலதான் இருக்கு. கல்லு என்னன்னு நாம இன்னும் பாக்கவே இல்லையே"ன்னாரு. "இந்தக் கறுப்புத் தோலு எனக்குச் சும்மாவாத் தெரியல. எஃகு உருக்குற எடத்துக் கசடும் பாக்க இப்படித்தான் இருக்கும், ரோடு போடுறப்பக் கொட்டுவாங்க. அதனால வாயத் தொறக்க மாட்டேன். உள்ள பாத்தாத்தான் தெரியும்."

"வெட்டணுமா?"

"ஒரு ஓரம்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப போய்க் கேளு"ன்னாரு.

செவ்வாக்கிழமை லீவு போட்டுட்டு மறுபடியும் சிம்பாங் ரெங்கம். அக்கா மெஷின்ல உக்காந்து யாருக்கோ ரவிக்கைக் கை வெட்டித் தைச்சுக்கிட்டு இருந்தா. ஊசி ஓடுற எடத்துல அவ விரல் அசையாம நின்னுச்சு. இன்னும் ரெண்டு நாள்ல இது போயிரும்.

"அந்தப் பெயிண்ட்டு நான் அடிச்சதுன்னு நெனச்சுட்டாங்களா உங்க லேப்ல?"ன்னு கேட்டா.

"உன்னைய யாரும் ஒண்ணும் நெனைக்கல. நான்தான் அவசரக் குடுக்கை. அக்கா, உள்ள பாக்கணும். வெட்டணும்."

மெஷின் நின்னுச்சு.

"வெட்டினதுக்கு அப்புறம் அது சாதாரணக் கல்லுன்னு வந்துட்டா?"

பொய் சொல்லலாம்னு தோணுச்சு. சொல்லல. "மாமா டாக்டர்கிட்ட சொல்வாரு. டோஸ் கூடும்."

"வெட்டாம விட்டா?"

"அப்பவும் சொல்வாரு."

அக்கா நூலைப் பல்லால கடிச்சு அறுத்தா. "அப்ப வெட்டு. ஆனா நானும் வருவேன். அவரும் வரணும். என்ன வந்தாலும் மூணு பேரும் கண்ணால பாக்கணும். போன்ல நல்லது சொல்லி, போன்லயே பிடுங்குற வேலை வேணாம்."

புதங்கிழமை மூணு பேரும் லேப்ல. மாமா செம்பனை ஆலையில சூப்பர்வைசரு, அங்கேருந்து லீவு எடுத்துட்டு, கல்யாணத்துக்குப் போற மாதிரி சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தாரு. அக்கா வெட்டுறதுக்கு முன்னால கல்லைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. கில்பர்ட் சர்ச்சுக்குத் தவறாமப் போறவரு. அவரும் கையக் கட்டிக்கிட்டுச் சும்மா நின்னாரு, அவசரப்படுத்தல.

ஆயிரக்கணக்குல வெட்டியிருக்கேன். அன்னிக்கு வைர பிளேடை இறக்குறதுக்கு முன்னால அக்காவ ஒரு தடவை பார்த்துக்கிட்டேன்.

ஓரம் தனியா வந்துச்சு. தண்ணியில கழுவி வெளிச்சத்துல பிடிச்சேன். உள்ள கறுப்பு இல்ல, சாம்பல் நெறம். அதுல பொட்டுப் பொட்டா வெள்ளி மாதிரி மின்னுச்சு. நடுவுல கடுகு கடுகா உருண்டைங்க. கில்பர்ட் என் கையிலேருந்து அதை வாங்கி லென்ஸ் வச்சுப் பார்த்துட்டு, "தேய்ச்சுக் குடு வாசுகி"ன்னாரு. குரலே மாறிப் போச்சு.

ரெசின் இறுகணும், தேய்க்கணும். மத்தியானம் அதுலயே போயிருச்சு. மாமா வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டே இருந்தாரு. அக்கா ஒரே எடத்துல உக்காந்திருந்தா.

கடைசியில கில்பர்ட் திரையக் காட்டிச் சொன்னாரு. "இது இரும்பு. துருவாப் போனது இல்ல, சுத்த உலோகமா அப்படியே இருக்கு. கூடவே நல்லா நிக்கல் இருக்கு. நம்ம தோட்டத்து மண்ணுல கெடக்குற கல்லுல இது இருக்காது. இந்த உருண்டைங்க கசடுலயும் இருக்காது." இன்னும் நகர்த்தினாரு. ஒரு சின்னச் சாம்பல் துண்டு. கோடு ஏறுச்சு. இரும்பு, டைட்டானியம், ஒக்சிஜன்.

"டைட்டானியம்!"ன்னு மாமா கத்தினாரு. உடனே பயந்துட்டு, "பெயிண்ட்டா?"ன்னு கேட்டாரு.

"பெயிண்ட்டு உள்ள வர முடியாது அண்ணே. இது இல்மனைட். நம்ம ஊரு ஈயச் சுரங்கத்துக் கறுப்பு மணல்லயும் இருக்கு, அதனால இதை மட்டும் வச்சு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது உலோக இரும்புக்குப் பக்கத்துல, அது கூடவே பொறந்து உக்காந்திருக்கு. மேல கருகின தோல். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, இது விண்கல்லுதான். யுனிவர்சிட்டிக்கு ஒரு துண்டு அனுப்பலாம், அவங்க முறைப்படி எழுதிக் குடுக்கணும். எனக்குச் சந்தேகம் இல்ல."

"சூடா இல்லன்னு சொன்னாளே?"ன்னு மாமா இன்னும் விடல.

"பெரும்பாலும் சூடா இருக்காது அண்ணே. மேல் தோல் மட்டும்தான் கொஞ்ச நேரம் எரியும். உள்ள எத்தனையோ காலமாக் குளிர்ல கெடந்தது. கடைசிக் கொஞ்ச தூரம் சும்மா விழும், அதுக்குள்ள மேலயும் ஆறிரும். சூடா இருந்துச்சுன்னு உங்க வைஃப் சொல்லியிருந்தாத்தான் நான் யோசிச்சிருப்பேன்."

நான் அக்காவக் கட்டிப் பிடிச்சு அழுதேன். சந்தோஷத்துல என்ன பேசினேன்னே தெரியல. மாமா கண்ணத் துடைச்சுக்கிட்டு வெளிய போய் போன் மேல போன் போட்டாரு. அவர் தம்பிக்கு, ஆலையில மானேஜருக்கு, பக்கத்து வீட்டு தேன்மொழிக்கு. "என் வைஃப்தான் கண்டுபிடிச்சா! சுத்தி எத்தனை வீடு, யாராவது பார்த்தாங்களா?" காருக்குள்ளயும் அதே பேச்சு. சாப்பாட்டுக் கடையில மீ கோரேங் நூடுல்ஸ் வந்து ஆறிப் போச்சு, அவர் இன்னும் பேசிக்கிட்டே இருந்தாரு.

அக்கா மட்டும் அமைதியாச் சாப்பிட்டா.

"என்னக்கா, உனக்கு சந்தோஷம் இல்லையா?"

"இருக்கு"ன்னா. "எனக்கு அன்னிக்கே தெரியும்லா. உங்களுக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சிருக்கு." ஒரு வாய் தண்ணி குடிச்சா. "நாளைக்கு எங்க வீட்டுல ஒரு குருவி செத்து விழுந்துச்சுன்னு சொன்னா, அதையும் வெட்டிப் பாப்பீங்களாடி?"

மாமா போனை மேசையில கவுத்து வச்சாரு.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. நானும் போனேன். எப்பவும் மூணு பேரும் உள்ள போவோம். மாமாதான் மொதல்ல பேசுவாரு, அப்புறம் டாக்டர் அக்காகிட்ட கேப்பாரு. அதுதான் வழக்கம். மாமா போன்ல கில்பர்ட் அனுப்பின படத்தை எடுத்துத் தயாரா வச்சிருந்தாரு. பேரு கூப்பிட்டாங்க. எழுந்தாரு.

"நீங்க உக்காருங்க"ன்னா அக்கா. "நான் பேசிக்கிறேன்."

"சரி, இதையாவது எடுத்துட்டுப் போ. இந்தப் படத்தைக் காட்டினா டாக்டரு உடனே நம்பிருவாரு."

அக்கா போனை வாங்கல. "வேணாம். இது இல்லாம நம்புறாரான்னு பாக்கிறேன்."

கதவு சாத்திக்கிச்சு. நாங்க ரெண்டு பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தோம். மாமா கால ஆட்டிக்கிட்டே இருந்தாரு. புது டாக்டரு வேற, ஒரு சின்னப் பொண்ணுன்னு நர்ஸ் சொன்னாங்க. வானத்துலேருந்து கல்லு விழுந்துச்சுன்னு எந்தப் படமும் இல்லாம ஒரு பேஷன்ட் சொன்னா என்ன எழுதுவாங்க?

அக்கா வெளிய வந்தா. மருந்துச் சீட்டு கையில இருந்துச்சு.

"என்ன சொன்னாங்க?" ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டோம்.

"டோஸ் அதேதான். கூட்டல."

மாமா ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாரு. "கல்லைப் பத்திச் சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"நம்புறேன், நம்பலன்னு எல்லாம் அவங்க சொல்லல"ன்னா அக்கா. பையில சீட்டை மடிச்சு வச்சா. "அவ்வளவு பக்கத்துல விழுந்துச்சே, ரொம்பப் பயந்துட்டீங்களான்னு கேட்டாங்க."

எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. சூடா இருந்துச்சான்னு கேட்டேன். ஏன் கும்பிடுறன்னு கேட்டேன். இதை நான் கேக்கல. மாமாவும் கேக்கலன்னு அவர் முகத்துலேயே தெரிஞ்சுச்சு.

"பயந்தியா?"ன்னு இப்பக் கேட்டாரு.

"செத்தேன்னே நெனச்சேன்"ன்னா அக்கா. "காலு ரெண்டும் நகரல. உங்க பேரச் சொல்லிக் கத்தினேன். எத்தனை தடவை கத்தினேன். நீங்க ஹால்லதான் இருந்தீங்க."

மாமா குனிஞ்சு தரையப் பார்த்தாரு. பக்கத்துல உக்காந்திருந்தவங்க எல்லாம் எங்களையே பார்த்தாங்க.

"கேட்டுச்சு கஸ்தூரி"ன்னாரு. "எனக்குக் கேட்டுச்சு. மறுபடியும் ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சு உக்காந்துட்டேன்."